நிக்கலில் ஒட்டியது

முதல் படிகம் முளைத்த அன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஊர் வழக்கப்படி பன்றித் தலை வைத்துப் படையல் போட்டோம். பியோன் பேராசிரியர் கோட்டைக் கழற்றிவிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை விழுந்து கும்பிட்டார். எங்கள் துறையில் இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஒரு புரதம் ஏன் படிகமாகிறது, இன்னொன்று ஏன் ஆவதில்லை என்று எவருக்கும் தெரியாது. பன்றியும் ஒரு காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் சேபோம். குன்சான் மீன் சந்தையில் கணவாய் அறுப்பவளின் மகள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஐந்து வருடமாக உள்காதில் இருக்கும் ஒரு புரதத்தின் பின்னால் அலைகிறேன். அது கொஞ்சம் கோணலாக மடிந்தாலும் பிள்ளை காது கேளாமல் பிறக்கும். அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தால் எனக்கு முனைவர் பட்டம். இன்னும் மூன்று வாரத்தில் வாய்மொழித் தேர்வு. அன்று எல்லோருக்கும் பங்கிடுவதற்கு எந்த நிறத்தில் அரிசிப் பலகாரம் சொல்லலாம் என்று அம்மா தினமும் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. இளையவள் படிகம் வளர்ப்பாள். மூத்தவர் அதைப் பொஹாங்கில் இருக்கும் கதிர்நிலையத்துக்கு எடுத்துப்போய் எக்ஸ் கதிர் முன் வைப்பார். என் மூத்தவர் தயோங்; மூத்த மாணவரை நாங்கள் சொன்பே என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ஒரே வாக்கியம்: "தெளிவா வரல சேபோமா, இன்னும் பெருசா வளர்." வளர்த்தேன். திரவ நைட்ரஜனில் இரண்டு விரல் வெந்தது, அப்போதும் வளர்த்தேன். இந்த முறை நானும் வருவேன் என்று சண்டை போட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.

காலை பத்து மணிக்குப் படிகத்தைக் கதிர் முன் வைத்தோம். திரை முழுக்க உப்பைச் சிதறியது போலப் புள்ளிகள். அவ்வளவு கூர்மை. நான் கத்தியே விட்டேன்.

கதிர்நிலைய ஊழியர் ஐம்பது வயதுக்காரர். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இரும்மா, குதிக்காத. பெட்டியோட அளவை ஒருதரம் தட்டிப் பாத்துடுறேன். எல்லாருக்கும் செய்றதுதான்."

படிகத்துக்குள் ஒரே பெட்டி திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும். அந்தப் பெட்டியின் நீள அகல உயரம் ஒவ்வொரு படிகத்துக்கும் கைரேகை மாதிரி. நூற்று நாற்பத்தைந்து, நூற்று நாற்பத்தைந்து, ஐந்நூற்றுப் பத்தொன்பது. ஏற்கெனவே தெரிந்த வடிவங்களோடு கணினி ஒப்பிட்டது. மூன்று நொடிகூட ஆகவில்லை.

"அடடா," என்றார் அவர். "உங்களுதும் பம்ப்தானா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

எங்கள் புரதத்தை பாக்டீரியாவுக்குள்தான் தயாரிக்கிறோம். அதைத் தனியாகப் பிரிக்க அதன் வாலில் ஒரு கொக்கி மாட்டிவிடுவோம். நிக்கல் மணிகள் அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாக்டீரியாவின் சொந்தப் புரதம் ஒன்று, கொக்கியே இல்லாமல், தானாகப் போய் அந்த நிக்கலில் ஒட்டும். எடையும் எங்களுடையதைப் போலவேதான். துளி இருந்தாலும் அழகாகப் படிகமாகும். பாக்டீரியாவுக்குள் நுழையும் மருந்தை வெளியே துப்புகிற பம்ப் அது. அதன் வடிவம் எப்போதோ தெரிந்த ஒன்று.

"தட்டு மாறியிருக்கும். வேறொண்ண வைங்க," என்றேன்.

நான்கு படிகங்களை வைத்தோம். நான்கிலும் அதே எண்கள். ஊழியர் காபி எடுக்கிற சாக்கில் எழுந்து போனார்.

அப்போதுதான் கவனித்தேன். தயோங் சொன்பே திரைப் பக்கமே திரும்பவில்லை. மூலையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"சொன்பே, உங்களுக்குத் தெரியுமா?"

"கத்தாத. வெளியில கேக்கும்."

"தெரியுமான்னு கேட்டேன்."

"முதல் படிகத்துலயே தெரியும்."

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கே பேராசிரியர்கிட்ட சொல்லிட்டேன்டி," என்றார். "'சேபோம் வளர்த்துக்கிட்டே இருக்கட்டும், என்னிக்காவது நிஜமானது வளரும்'னார். விழுந்து கும்பிட்ட மறுவாரமே, நான் கும்பிட்டது பாக்டீரியாவைன்னு ஊருக்குச் சொல்வாரா?"

"அவர் நெத்தி தரையில பட்டதுக்கு என் ரெண்டு வருஷமா? தேர்வுல நான் எதைக் காட்டியிருப்பேன்?"

"மங்கலான படம் ரெண்டு. கூடவே கணினி ஊகிச்ச வடிவம். பெட்டி அளவை எவன் கேக்கப்போறான்? எல்லாம் அவரோட சிநேகிதங்க." ஒரு சுளையை நீட்டினார். "எனக்கும் வேலைக்கு அவர் கடிதம் வேணும் சேபோமா. தின்னு. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் தின்னல."

இரண்டு வருடம் என்னைப் பட்டினி போட்டுவிட்டு ஒரு சுளை. நான் அதைத் தொடவில்லை. திரையைப் படம் எடுத்தேன். மூன்று எண்ணும் பம்பின் பெயரும் தெளிவாக விழுந்தன. தேர்வுக் குழுவில் ஐந்து பேர். பேராசிரியரையும் சேர்த்து ஐவருக்கும் ஒரே மடலில் அனுப்பினேன்: 'நான் வளர்த்தது காதுப் புரதம் அல்ல. இது முதல் படிகத்திலேயே தெரிந்த விஷயம். எனக்கு இன்றுதான் தெரியும்.'

"பைத்தியமாடி நீ!" சொன்பேயின் மடியிலிருந்து ஆரஞ்சு உருண்டது.

ஐந்து நிமிடத்தில் பேராசிரியர் அழைத்தார். குரல் தேன் மாதிரி இருந்தது. "சேபோமா, பதறாத. கிளம்பி வா, உக்காந்து பேசலாம். அந்த மடலைத் தப்பா அனுப்பிட்டேன்னு ஒரு வரி போட்டுடு."

"தப்பா அனுப்பல சார்."

"மூணு வாரத்துல பட்டம்மா! யோசிச்சுப் பாரு!"

"எதுக்கு சார் பட்டம்? பாக்டீரியாவுக்கா?"

வைத்துவிட்டேன். கைபேசி மறுபடி அதிர்ந்தது. அம்மா. இளஞ்சிவப்பும் பச்சையுமாக அரிசிப் பலகாரம் அடுக்கிய பெட்டி. கீழே, 'இது நல்லாருக்கா? இன்னிக்குச் சொன்னாத்தான் செய்வாங்களாம்.'

மூன்று முறை எழுதி அழித்தேன். கடைசியில், 'வேண்டாம்மா. இந்த வருஷம் இல்ல' என்று அனுப்பிவிட்டு, கதிர் முன் வைக்காமல் மிச்சமிருந்த படிகத்தை எடுத்துக் குப்பையில் போட்டேன்.