தடித்த எழுத்து தலைப்பு ஆகாது

எங்கள் தீவின் படகு நேரங்களைச் சொல்லும் இணையப் பக்கத்தைப் புதிதாக எழுத வேண்டும் என்று முடிவானதுமே டுவேனுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. டுவேன் ஊர்மன்றத் தலைவன். நான் கிரெட்டா, மன்ற அலுவலகத்தின் எழுத்து வேலை மொத்தமும் என் தலையில். எங்களைச் சுற்றியிருக்கும் சுப்பீரியர் ஏரியில் காற்று எழும்பினால் படகு நின்றுவிடும். அதை ஊருக்குச் சொல்வது அந்த ஒரு பக்கம்தான்.

பழைய பக்கத்தில் நேர அட்டவணையே ஒரு படம். மீனைப் புகைபோட்டு விற்கும் ஆரினுக்கு அதனால் எள்ளளவும் பிரயோசனம் இல்லை. அவருக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை அவருடைய கணினி வாய்விட்டுப் படிக்கும். படம் வந்தால் "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். போன மாதம் வராத படகுக்காகத் துறையில் காலை முழுக்க நின்று நனைந்தார் மனிதர். அதைக் கேள்விப்பட்ட அவருடைய அக்கா லொரெய்ன், அக்கரையில் ஒரு முதியோர் விடுதியில் அறை பிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியப் படகில் வந்து கையோடு கூட்டிப்போவதாகத் திட்டம். ஆரினுக்குத் தீவை விட்டுப் போக மனமே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையே அவரை அலுவலகத்துக்கு வரவழைத்தோம். நானும் டுவேனும் ஆளுக்கொரு பக்கம் செய்து வைத்திருந்தோம். டுவேனுடையது, பெட்டிகளை இழுத்துவிட்டால் தானே பக்கம் கட்டித்தரும் கருவியில் செய்தது. நான் வெறும் எழுத்தை மட்டும் சேமிக்கும் சாதாரண எடிட்டரில், இணையப் பக்கத்துக்கான எச்டிஎம்எல் குறிகளை வரிவரியாக எழுதியிருந்தேன்.

"பாத்தியா, என் பக்கத்துல பறவை பறக்குது" என்றான் டுவேன், வாய் நிறைய ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட இனிப்புப் பலகாரத்தோடு.

"படகு எப்போ வரும்னு அந்தப் பறவைகிட்டயே கேளு."

ஆரினின் மடிக்கணினி டுவேனின் பக்கத்தைப் படித்தது. "பொத்தான். பொத்தான். படம். பொத்தான்."

"என்னப்பா இது, சட்டைக் கடையா?" என்றார் ஆரின்.

அடுத்தது என் முறை. "பிழை தேடுற கருவில போட்டுப் பாத்துட்டேன். ஒரு தப்புகூட இல்ல" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆரின் ஒரு விசையைத் தட்டினார். மறுபடி தட்டினார். கணினி பேசவே இல்லை.

"தப்பு இல்லம்மா. தலைப்பும் இல்ல. நான் தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் படிப்பேன். இன்றைய படகுகள்னு எங்க போட்டிருக்க?"

"மேலயே பெருசா, தடிமனா போட்டிருக்கேனே!"

"பெருசெல்லாம் உன் கண்ணுக்கு. என் காதுக்கு எல்லாம் ஒரே கஞ்சிதான்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. எழுத்தைத் தடிக்க வைத்தேனே தவிர, இதுதான் தலைப்பு என்று அதற்குரிய குறியைப் போடவில்லை. டுவேன் சிரித்த சிரிப்பில் மேசையெல்லாம் பலகாரத் துணுக்கு.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. படகின் கேப்டன்: காற்று ஏறுகிறது, மதியப் படகு கிடையாது. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஒரு தாளில் எழுதி டுவேனிடம் காட்டினேன். ஆரினிடம் நான் வாயைத் திறக்கவில்லை, பக்கம் சொல்லட்டும்.

கோப்பைத் திறந்தேன். தலைப்பின் இருபுறமும் குறியைப் போட்டேன், மதிய வரியைத் திருத்தினேன், சேமித்து ஏற்றினேன். டுவேனின் கருவி இன்னும் திறந்தபாடில்லை.

"இரு, இரு, சுத்திட்டே இருக்கு" என்றான்.

"பறவைக்கு மூச்சு வாங்குது போல."

ஆரின் விசையைத் தட்டினார். "தலைப்பு: இன்றைய படகுகள்" என்றது கணினி. கீழே இறங்கினார். "மதியம் பன்னிரண்டு. ரத்து. பலத்த காற்று."

அவர் விரல் நின்றது. அதே வரியை இன்னொரு தரம் கேட்டார். பிறகு தன் போனை எடுத்தார்.

"அக்கா, கிளம்பிட்டியா? மதியப் படகு இல்ல. துறைல போய் நிக்காத, நனைஞ்சிடுவ."

லொரெய்னின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "எனக்கே தெரியாது! யார்றா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நானே படிச்சேன்."

டுவேன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"சரி, அடுத்தது எப்போன்னு பாரு" என்றாள் லொரெய்ன்.

தட்டினார். கேட்டார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான வர்ற?"

"மீன் வாங்க வர்றேன்டா" என்றாள்.