கறுத்த விதை

…இரண்டு கறுப்பிகளையும் ஒரே நாளில் கூப்பிட்டிருக்கிறார்களே, ஏன், ஒருத்தி போதாதா, அல்லது இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி வைத்து எது நல்லது என்று பார்க்கப் போகிறார்களா, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி… என்னோடு படிக்கிற ரெகுலா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சனிக்கிழமை மத்தியானம் வா பத்மினி, உன்னை எங்கள் மாணவியர் சங்கத்தில் சேர்ப்பதற்கு வாக்கெடுப்பு, உன் நாட்டுப் பிள்ளை இன்னொருத்தியும் வருகிறாள், நல்லதுதானே என்று. என்ன நல்லது? கூர் நகரத்துத் தாதியர் கல்லூரியில் இவ்வளவு நாளும் நான் ஒருத்திதான் தமிழ் என்று நிம்மதியாக இருந்தேன், போன மாதம் முதலாம் வருஷத்துக்கு இந்த ஜெயகௌரி வந்து சேர்ந்தாள், இப்போது இந்தச் சாப்பாட்டுக் கடையின் மாடி நடையில், மூடிய கதவுக்கு வெளியே, ஒரே வாங்கில் என்னோடு இருக்கிறாள்… உள்ளே பாடுகிறார்கள். பாட்டு முடிந்தால் வாக்கு. வெள்ளை அவரை விதை என்றால் சம்மதம், கறுத்த விதை என்றால் இல்லை, திரைக்குப் பின்னால் போய் ஆளுக்கொரு விதை சட்டிக்குள் போட வேண்டும், ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் கதவு சாத்தியதுதான், யார் போட்டது என்று கேட்கக் கூடாது, அது அவர்களுடைய வழக்கம். வெள்ளை நல்லது, கறுப்பு கூடாது, அதைப் போய் எனக்கு விளக்கிச் சொல்கிறாள் ரெகுலா.

ஏன் என்னைக் கூப்பிட்டார்கள் என்று மூன்று கிழமையாக மண்டையைப் போட்டு உடைக்கிறேன். ரெகுலாவின் சித்தப்பாவுக்கு எங்களைப் போன்ற அகதிகளின் கேசைப் பார்க்கிற வெளிநாட்டார் பொலிஸில் வேலை, அவளே ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள், வாய்தவறித்தானா… ஆனால் ஆசை இருக்கிறதே, அது வெட்கம் கெட்டது. சாப்பாட்டு மண்டபத்தில் ஜன்னலோரத்து மேசையில் அவர்கள் பச்சைப் பட்டியை மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு இருந்து சிரிக்கும்போது, என்ன பகிடி என்று தெரியாமலே எனக்கும் சிரிப்பு வரும், தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் இருக்க வேண்டும் போல இருக்கும். அதோடு ஆற்றங்கரையில் சங்கத்துக்கு ஒரு வீடு, அங்கே அறை தருவார்கள், அகதி விடுதியின் ஈரச் சுவரிலிருந்து தப்பலாம். என்னோடு ஒன்றாக வந்து, இப்போது எம்மன்புரூக்கே என்ற ஊரில் பக்டரியில் நிற்கிற சிறீதரன் அண்ணை டெலிபோனில் சொன்னார், “சேர் பிள்ளை. சங்கத்துப் பழைய ஆக்கள் எல்லாம் பெரிய பெரிய இடத்திலை இருக்கினம், எங்கடை கேசுக்கு ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னாலும் காணும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனால் தமிழ் ஆக்களோடை அளவோடை கதை, விளங்குதோ?” விளங்குகிறது அண்ணை, நன்றாக விளங்குகிறது. அகதி விசாரணையில் நாங்கள் இரண்டு பேரும் கொழும்பிலிருந்து நேரே இங்கே வந்தோம் என்று சொன்னோம். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் பக்கத்து நாடு ஜெர்மனியில் அகதி முகாமில் கிடந்ததை மூச்சுவிடவில்லை. தெரிந்தால் திருப்பி அங்கேயே அனுப்புவார்கள், அங்கிருந்து கொழும்புக்கு, கொழும்பில் இறங்கினால் அண்ணையை யார் காப்பாற்றுவது…

இவள் வாங்கில் இருந்த உடனேயே தொடங்கிவிட்டாள். “அக்கா எவ்விடம்?” சுன்னாகம் என்று வந்ததை விழுங்கிக்கொண்டு மானிப்பாய் என்றேன். “மானிப்பாயிலை எவடம்?” விடுவாளா, எங்கள் சனம் கிணற்றடி வரைக்கும் வந்துதான் நிற்கும். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன், எந்த ஊருக்குத்தான் ஆஸ்பத்திரி இல்லை. பிறகு, மிகவும் மெதுவாக, கதவைப் பார்த்துவிட்டு, “அக்கா, குறை நினைக்காதேங்கோ… உங்களை நான் ஜெர்மனியிலை கண்டிருக்கிறன் போல கிடக்கு.” “நான் அந்தப் பக்கமே போகேல்லை” என்றேன், சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. “அப்ப உங்களைப்போல வேறை ஆரோ” என்று தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? பிடித்துவிட்டேன் என்ற சிரிப்பா? யார் அனுப்பினது இவளை, எந்த இயக்கத்துக்காரி, அல்லது விசாரணையில் மொழிபெயர்க்கிற எங்கள் ஆட்களில் யாருக்காவது ஒட்டுக்கேட்டுச் சொல்கிறவளா, வந்து ஒரு மாதத்தில் இவளுக்கு எப்படிச் சங்கத்தில் அழைப்பு…

கதவு திறந்தது, என் பெயரைச் சொன்னார்கள், உள்ளே போனால் எல்லோரும் எழும்பி நிற்கிறார்கள், நான் திரும்பி ஓடலாமா என்று பார்க்கிறேன், தலைவி ஊர்சுலா சட்டியைச் சரித்துக் காட்டுகிறாள், எல்லாம் வெள்ளை. எல்லாமுமா? இன்னொரு தரம் பார்த்தேன், ஒன்றுகூடக் கறுப்பில்லை. பச்சைப் பட்டியை எனக்குப் போட்டுவிட்டார்கள், சங்கத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு செல்லப் பெயர் உண்டாம், எனக்குச் ‘சஃப்ரான்’, குங்குமப்பூ, அதை நான் பிறந்ததிலிருந்து கண்ணால் கண்டதில்லை, கறி என்றால் மஞ்சள், மஞ்சள் என்றால் குங்குமப்பூ, அவர்களுடைய அறிவு அவ்வளவுதான். ஆனால் ரெகுலா கட்டிப் பிடித்தபோது அவள் கன்னம் ஈரமாக இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்வான். நாலு வருஷத்தில் ஒருத்தரும் என்னை முழு மனதோடு உள்ளே வா என்று சொன்னதில்லை. அந்த ஈரம் காய முதலே ஊர்சுலா சொல்கிறாள், இனி நீயும் எங்களில் ஒருத்தி, அடுத்தவளுக்கு உனக்கும் வாக்கு உண்டு, கடைசியாகச் சேர்ந்தவள்தான் வெளியே போய் முடிவைச் சொல்ல வேண்டும், அதுவும் வழக்கம். கையில் இரண்டு விதை வைத்தாள்.

திரைக்குப் பின்னால் சட்டியும் நானும்தான். இவள் உள்ளே வந்தால் அதே வீட்டில், அதே மேசையில், ஒவ்வொரு நாளும்… ஒருநாள் சூப் குடிக்கும்போது, கெட்ட எண்ணம் இல்லாமல்கூட, ரெகுலாவுக்கு முன்னால் சொல்லிவிடுவாள், இவவை நான் ஜெர்மனியில் கண்டிருக்கிறேன் என்று, ரெகுலா சித்தப்பாவிடம் ஒரு கதையாகச் சொல்வாள், முடிந்தது, நானும் அண்ணையும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பாவம்தான், பிள்ளை நல்ல சட்டையொன்று கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், தோளில் நிற்கவில்லை… முதலில் வெள்ளையைத்தான் விரலால் பிடித்தேன், அது உண்மை. விழுந்தது மற்றது. சின்னச் சத்தம். ஊர்சுலா சட்டியைக் கவிழ்த்தபோது எல்லா முகத்திலும் ஒரு திகைப்பு, ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள், ரெகுலா ஒவ்வொரு முகமாகக் கோபத்தோடு பார்த்துக்கொண்டு வந்தாள், என்னை மட்டும் தாண்டிப் போனாள், என்னைப் பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்தேன். ஜெயகௌரி எழும்பி என் பட்டியைப் பார்த்தாள், முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. “அக்கா, உங்களுக்குச் சரிவந்திட்டுது, என்ன!” என்று என் கையைப் பிடித்தாள், அவள் கை குளிர்ந்து போய்க் கிடந்தது, அப்போதுதான்… ஜெர்மனியில் என்னைக் கண்டாளாம், கண்டாள் என்றால் அங்கே அவளுக்கு என்ன வேலை, கண் மட்டும் தனியாக நடந்து போயா பார்த்தது, அவளும் அங்கேதானே இருந்திருக்கிறாள், அவளும் விசாரணையில் நேரே வந்தேன் என்றுதானே சொல்லியிருப்பாள், எங்கள் எல்லோரையும் போல… அந்தச் சொல்லை இந்த ஊரில் அவள் வேறு யாருக்குச் சொல்லியிருப்பாள்? கதவைப் பார்த்துவிட்டு, அவ்வளவு மெதுவாக, எனக்குத்தானே…

“எனக்கு?” என்றாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. என் கையை அவள்தான் தட்டிக்கொடுத்தாள். “பரவாயில்லை அக்கா. வெள்ளையள்தானே, ஆரோ ஒருத்திக்கு எங்களைப் பிடிக்கேல்லை. நீங்கள் எண்டாலும் உள்ளை போயிட்டீங்கள்.”

“ஓம்” என்றேன். “ஆரோ ஒருத்தி.”