அவசரப் பிரிவில் ரோஜா வாசம்

அவசர சிகிச்சைப் பிரிவு நாறுகிறது என்று யாரோ ஒரு நோயாளியின் சித்தப்பா இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். நிர்வாகம் பதறிப்போனது. நோய்களை ஒழிப்பது சிரமம் என்பதால், நாலு சுவரிலும் வாசனை இயந்திரம் மாட்டினார்கள். அவை சற்றைக்கொரு தரம் 'புஸ்' என்று ரோஜாவைத் துப்பின. கீழே சீழ், ரத்தம், வாந்தி, மேலே ரோஜா. செத்த எலிக்கு சென்ட் போட்ட மாதிரி இருந்தது.

தலைமை டாக்டரம்மாவுக்கு அது அறவே ஆகவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். படித்து முடித்ததும் அவர் வேலைக்குப் போன சின்ன ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத்தை மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் வருகிறவர்களுக்கு டாக்டரின் மூக்குதான் பரிசோதனைக் கூடம். சர்க்கரை தலைக்கேறியவரின் மூச்சில் அழுகிய பழம். சிறுநீரகம் போனவரிடம் மூத்திரம். ஈரல் போனவரிடம் வரும் வாடையை அவர் சாப்பாட்டு நேரத்தில் விவரிப்பார். மற்ற டாக்டர்கள் டிபன் பாக்ஸை மூடிவிடுவார்கள். இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும், முதலில் மூக்கு, பிறகுதான் ஸ்டெதாஸ்கோப். வீட்டுக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். ஆனாலும் ஆபீஸ் விட்டு வந்ததும் நேரே குளிக்கப் போய்விடுவார்.

"வர்றவங்க நோயாளிங்க இல்ல மேடம், விருந்தாளிங்க," என்றார் நிர்வாகி.

"விருந்தாளி யாரும் என் செருப்புல வாந்தி எடுத்ததில்ல சார். அதை நிறுத்துங்க. எனக்கு ஒரு வாடையும் தெரிய மாட்டேங்குது."

"அதுக்குத்தானே மேடம் வாங்கினோம்."

அன்று மத்தியானம் ஒரு லாட்ஜ்காரர் தன் மச்சினனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, அந்தப் பையனின் அக்கா, அழுதபடி ஓடிவந்தாள். பையன் விடாமல் வாந்தி எடுத்தான். உடம்பெல்லாம் வியர்வை. வாயில் எச்சில் நூலாக ஒழுகியது.

"வெளியில கண்டதையும் சாப்பிட்டான் டாக்டர். ஒத்துக்கல," என்றார் லாட்ஜ்காரர்.

டியூட்டியிலிருந்த சின்ன டாக்டர் அதை அப்படியே நம்பி குளுக்கோஸ் ஏற்றிவிட்டார். டாக்டரம்மா வந்து பையனின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. குனிந்து முகர்ந்தார். ரோஜா. இன்னும் குனிந்தார். தலைக்கு மேலே 'புஸ்.' மறுபடியும் ரோஜா.

"கட்டிலை வெளியே தள்ளுங்க."

"ஸ்கேனுக்கா மேடம்?"

"ஆம்புலன்ஸ் நிக்கிற இடத்துக்கு. காத்துக்கு."

வெளியே, ஊர் பார்க்க, வாந்தியில் நனைந்த சட்டையிலேயே மூக்கை வைத்து இழுத்தார். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"இவன் என்ன மருந்து அடிச்சான்?"

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். அந்த ஓட்டல்ல பூண்டு கொஞ்சம் தூக்கலா போடுவான்."

"பூண்டுன்னு நான் சொல்லவே இல்லையே."

லாட்ஜ்காரர் ஆம்புலன்ஸ் சக்கரத்தை ஆராய்ந்தார்.

"பூண்டு தின்னா வாயில வரும். இவன் தலைமுடியில வருது, காலர்ல வருது. தலையிலயா சாப்பிட்டான்?"

"சொல்லித் தொலைங்களேன்," என்றாள் அக்கா. புருஷன் மறுபடியும் சக்கரத்துக்கே குனிந்தார். அவளே சொன்னாள். "மூட்டைப்பூச்சி மருந்து டாக்டர். ரூமை அடைச்சுக்கிட்டு அடிச்சான். டின்னைத் தூக்கும்போது மேல கொட்டிக்கிட்டான்."

"மெதுவாப் பேசுடி," என்றார் லாட்ஜ்காரர், சுற்றுமுற்றும் பார்த்தபடி.

"கையுறை போட்டுக்கிட்டு துணியை வெட்டி எடுங்க," என்று டாக்டரம்மா நர்ஸிடம் கத்தரியைக் கொடுத்தார். "இந்தச் சட்டை அவனுக்குள்ள இன்னும் விஷம் ஏத்திக்கிட்டு இருக்கு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சோப்பு."

ஆம்புலன்ஸ் கழுவும் குழாயிலேயே பையனைக் கழுவினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் பின்பக்கக் கதவுகளை அகலத் திறந்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே கொண்டுபோய் முறிவு மருந்து போட்டார்கள். ஓர் ஊசி, நெஞ்சில் காது வைத்துக் கேட்டல், சளி இன்னும் கொழகொழக்கிறது, இன்னோர் ஊசி. யாரும் சொல்லாமலே நர்ஸ் எல்லா ரோஜா இயந்திரங்களின் வயரையும் பிடுங்கிப் போட்டிருந்தாள். அறை பழையபடி நாறியது.

லாட்ஜ்காரர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "டாக்டர், ஒண்ணு கேக்கணும்."

பிழைப்பானா என்று கேட்கப்போகிறார் என்றுதான் டாக்டரம்மா நினைத்தார்.

"மூட்டைப்பூச்சின்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க. இப்பத்தான் நாலு பேர் வர ஆரம்பிச்சிருக்காங்க."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். நாள் முழுக்க எத்தனையோ திரவங்களைப் பார்த்த முகம் இப்போதுதான் சுளித்தது. "அந்த ரூம் இப்போ திறந்திருக்கா?"

"திறந்துதான்... அதாவது..."

"ஆள் விட்டுட்டாரு டாக்டர்," என்றாள் அக்கா. "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர். இவனைத் தூக்கிக்கிட்டு கிளம்பும்போது சாவி கேட்டாங்க. குடுத்துட்டாரு."

புருஷனின் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டு இன்னொரு சாவிக்கொத்தை எடுத்தாள். அவர் தடுக்கப் பார்த்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டு, வாசலுக்கு ஓடி அதை ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்தாள். "மாடிப்படி ஏறினதும் முதல் ரூம் அண்ணே. தட்டிக்கிட்டு நிக்காதீங்க, திறந்துடுங்க."

ஆம்புலன்ஸ் திரும்பி வருவதற்குள் பையனின் நெஞ்சில் சளி கொஞ்சம் காய்ந்திருந்தது. அக்காவை அடையாளம் தெரிந்து, தண்ணீர் கேட்டான். வெளியே, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய, புருஷனும் பொண்டாட்டியும் தங்கள் காலாலேயே இறங்கினார்கள். டாக்டரம்மா அவர்களைப் பார்க்க வருவதற்குள் லாட்ஜ்காரர் முந்திக்கொண்டார்.

"மேல் மாடியில காத்தோட்டமா ஒரு ரூம் இருக்கு சார். உடனே மாத்திக் குடுத்துடறேன்."

"அங்க என்ன, தேளா?" என்றார் அந்த ஆள், தும்மிக்கொண்டே.

டாக்டரம்மா லாட்ஜ்காரரிடம் திரும்பினார். "சட்டையைக் கழட்டுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லையே டாக்டர்."

"அவனைத் தோள்ல போட்டுத்தானே தூக்கிட்டு வந்தீங்க. உங்க மேலயும் இருக்கு. கழட்டுங்க."

அவர் குழாயைப் பார்த்தார். வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்தார். கதவைத் திறந்து மறைப்பாகப் பிடிப்பாரா என்று டிரைவரைப் பார்த்தார். டிரைவர் பீடி பற்ற வைக்கத் தள்ளிப் போய்விட்டார்.

"எல்லாரும் பாக்கறாங்க டாக்டர்."

"பாக்கட்டும். பேன்ட்டையும்."