ஒயர் வீட்ல இருக்கு

துணிக்கடைக்காரருக்கு வியாபாரத்தில் ஒரே கணக்குதான். எதிராளி பயமுறுத்த ஆரம்பித்தால் விலை இன்னும் இறங்கும். அவரே தினமும் செய்கிற வேலை அது. "இந்தத் துணிக்கு இந்த லைனிங் போடலன்னா ஒரே தோய்ப்புல பல்லிளிச்சிடும்மா" என்று வாய் கூசாமல் சொல்லி லைனிங்கைத் தலையில் கட்டிவிடுவார். ஆகவே யாருடைய எச்சரிக்கையும் அவர் காதில் எச்சரிக்கையாக விழுவதில்லை.

ஞாயிறு மத்தியானம் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடையில் வந்து உட்கார்ந்தார். கார் ரேஸ் ஆடுவதற்கென்று தன் கையாலேயே ஒரு மெஷின் பூட்டப்போகிறார். இந்த வயசில் என்ன விளையாட்டு என்று கேட்ட மைத்துனரிடம், "சீட்டாடப் போனா நீயும் கூட வருவ, இதுக்கு வரமாட்ட. அதான உன் வருத்தம்?" என்று கேட்டு வாயை அடைத்திருந்தார்.

மனைவியின் வாயைத்தான் அடைக்க முடியவில்லை. அவள் மில்களுக்குத் துணி டிசைன் வரைந்து கொடுப்பவள். கல்யாணமான நாளிலிருந்து வரைந்ததெல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது. நகல் வைத்திருந்த இன்னொரு டிஸ்க் போன மாதம் கடகடவென்று சத்தம் போட்டுச் செத்துப்போனது.

"நகல் எடுக்க ஒரு டிஸ்க் மறக்காம வாங்கிட்டு வாங்க. நாளைக்கு மில்லுல புது செட்டக் காட்டணும். அது போச்சுன்னா நான் போன மாதிரிதான்."

"உனக்கு வாங்காமலா எனக்கு வாங்குவேன்?" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.

பார்ட்ஸ் கடைக்காரர் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை மேசையில் வைத்தார். சின்னதை எடுத்தால் நகல் டிஸ்க்கும் வாங்கலாம். பெரியதை எடுத்தால் டிஸ்க்குக்குக் காசு மிஞ்சாது.

"ரெண்டுக்கும் என்ன தம்பி பெரிய வித்தியாசம்?"

"சின்னது மழையைக் காட்டும்ணே. பெருசு, ரோட்டுல தேங்கின தண்ணியில உங்க கார் தெரியறதையே காட்டும்."

துணிக்கடைக்காரர் பெரியதைக் கையில் எடுத்தார். நல்ல சரக்கை விரித்துப் போட்டால் வாங்க வந்தவன் கை தானாகத் தடவும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தடவினார்.

"இந்த லைட் எரியற ஃபேனையும் சேர்த்துப் போட்டுடுங்கண்ணே. இல்லன்னா கார்டு ஒரு மாசம்கூடத் தாங்காது."

"தம்பி, நான் லைனிங் விக்கிறவன்."

கடைக்காரர் மாட்டிக்கொண்ட சிரிப்புச் சிரித்து ஃபேனை உள்ளே வைத்தார். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று.

பெரிய கார்டுக்கு, மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டியும் பெரியதாக வேண்டும். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது ஒன்று மலிவாகக் கிடந்தது. மற்ற ஒயரெல்லாம் சரியாக இருந்தது, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற ஒயர் மட்டும் இல்லை. தனியாக வாங்கினால் யானை விலை.

"ஒயர் வீட்ல இருக்கு. பழைய பவர் சப்ளையோடது."

"அத இதுல மாட்டாதீங்கண்ணே. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் உள்ள கம்பிய வேற மாதிரி இழுத்திருப்பான். வாய் பொருந்தும், வயிறு ஒத்துக்காது. டிஸ்க் கருகிடும்."

துணிக்கடைக்காரர் புன்னகையோடு காத்திருந்தார். இப்போது விலை இறங்கும்.

இறங்கவில்லை. கடைக்காரர் ஒயரை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இழுப்பறை மூடிய சத்தம் அவரை உறுத்திக்கொண்டே வந்தது. பொய் சொல்கிற வியாபாரி அதற்குப் பிறகு ஒரு படியாவது இறங்கி வருவான். இவர் ஏன் வரவில்லை? சேச்சே, இதுவும் ஒரு புது வித்தை என்று மனதை அடக்கினார்.

சாப்பாட்டு மேசையில், கடையிலேயே கார் ரேஸை ஏற்றிக் கொடுத்த சின்னச் சில்லு உட்பட எல்லாம் பூட்டி முடிந்தது. மனைவி டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"நகல் டிஸ்க் எங்க?"

"ஸ்டாக் இல்லையாம். அடுத்த வாரம் வருதாம்."

"அப்ப இத இன்னிக்கே மாட்டித்தான் ஆகணுமா?"

"பழைய மெஷினப் பிரிச்சுப் போட்டாச்சு. நாளைக்கு மில்லுல காட்ட வேணாமா?"

அவள் டிஸ்க்கைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். பிறகு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு டீ போடப் போனாள்.

பழைய ஒயர் புது பவர் சப்ளையில் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. சொன்ன விலைக்கே தலையாட்டுகிற வாடிக்கையாளரைப் பார்த்தால் வருகிற சந்தேகம் ஒன்று அவருக்கு வந்தது. கை மட்டும் நிற்கவில்லை. சுவிட்சைத் தட்டினார்.

டக் என்று ஒரு சின்னச் சத்தம். டிஸ்க்கின் அடியிலிருந்து நூல் போலப் புகை. மெஷின் அணைந்தது.

வெடுக்கென்று அந்த ஒயரைப் பிடுங்கினார். டிஸ்க் சுட்டது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு, ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியாது, டிஸ்க் இல்லாமல் சுவிட்சை மறுபடி தட்டினார். மெஷின் குறையில்லாமல் ஓடியது. திரையில் மழை பெய்தது. தேங்கின தண்ணீரில் சிவப்புக் கார் தலைகீழாகத் தெரிந்தது. பார்ட்ஸ் கடைக்காரர் அதிலும் பொய் சொல்லவில்லை.

"ஏங்க, ஏதோ கருகற வாசனை வருதே?"

"புது மெஷின். அப்படித்தான் இருக்கும்."

அவள் டீயை அவர் பக்கத்தில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள்.

"அட, நல்லாத்தான் தெரியுது. சரி, என் டிசைனெல்லாம் எங்க இருக்கு, காட்டுங்க."

துணிக்கடைக்காரர் மேசைக்கு அடியில் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். சூடு துணியைத் தாண்டி அவர் உள்ளங்கைக்கு வந்தது.