மேடு உள்ள இரண்டு பட்டன்கள்

ஆயுத பூஜைக்கு என் அண்ணன் உத்தமன் எதையும் சும்மா துடைக்க மாட்டான். கழற்றித்தான் துடைப்பான். அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. அங்கே அதுதான் பழக்கம். இந்த வருடம் எங்கள் மேனாம்பேட்டு வீட்டில் ஃபேன், மிக்ஸி, பைக் எல்லாம் முடித்துவிட்டு என் லேப்டாப்பில் கை வைத்தான். நான் அம்மாவோடு பூசணிக்காய் வாங்கப் போயிருந்தேன்.

லேப்டாப் அழுக்காகத்தான் இருந்தது. அடுத்த வீட்டு அத்தை பெண் கிருஷ்ணப்பிரியா அடிக்கடி வாங்கிப் போவாள். முறுக்குத் தூளோடு திருப்பித் தருவாள். இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

நாங்கள் திரும்பியபோது அது மூடியபடி, சந்தனப் பொட்டோடு சாமி படத்தின் முன்னால் இருந்தது. விஜயதசமி காலையில் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அந்தக் காலையில்தான் எனக்குத் தேர்வு. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தே வேலை. வேதியியல் பட்டம் வாங்கிய பிறகு நான் போன நேர்காணல்களில் எல்லாம் பதில் தெரிந்திருந்தது, வாய்தான் திறக்கவில்லை. இந்த வேலைக்கு வாய் தேவையில்லை. எப்படியாவது கிடைக்க வேண்டும் என்று இருந்தேன்.

அம்மா கற்பூரம் காட்டி லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தபோது பத்து நிமிடம்தான் மீதி. நான் பட்டன்களைப் பார்த்து அடிப்பதில்லை. எஃப், ஜே இரண்டிலும் மட்டும் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்கள் அதைத் தடவி உட்கார்ந்தால் மற்ற விரல்கள் தாமாக இடம் பிடிக்கும். அன்றும் மேடு கிடைத்தது. அடித்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடியும் தவறு. வலது சுண்டுவிரல் ஓரத்தில் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். பட்டன்கள் ஏ, பி, சி, டி என்று ஒழுங்காக வரிசையில் இருந்தன.

உத்தமன் பொரி தின்றபடி பின்னால் நின்றான்.

"எப்டி கீது பாப்பா? எவனோ கன்னாபின்னான்னு மாட்டி வச்சிருந்தான். செகண்ட் ஹேண்ட்னா இப்டித்தான். நீயும் கடைக்காரன ஒரு வார்த்த கேக்காம இத்தினி நாளா ஓட்டிகினு கீற."

அவன் பட்டறைச் சுவரில் ஸ்பேனர்கள் ஆறு, ஏழு, எட்டு என்று தொங்கும். போனில் அவன் எழுதுவதே இல்லை, வாய்ஸ் மெசேஜ்தான்.

எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை. யோசித்தேன். இடம் மாறியது மேல் மூடிகள் மட்டும்தான். எந்த இடத்தை அழுத்தினால் எந்த எழுத்து வரும் என்பது மாறவில்லை. என் விரல்களுக்கு மேடு இருந்தால் போதும்.

"அண்ணா, எஃப், ஜே ரெண்ட மட்டும் இங்க மாத்திக் குடு."

"வரிச கெட்டுப்பூடுமே."

"கெடட்டும்."

அவனிடம் நான் அப்படிப் பேசியதில்லை. பொரியைக் கீழே வைத்துவிட்டு நகத்தால் நெம்பி, நான் காட்டிய இடத்தில் இரண்டையும் மாட்டினான்.

தேர்வு தொடங்கியது. ஒரு மருத்துவர் யாருடைய மூக்கடைப்பைப் பற்றியோ ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பேசினார். நான் திரையை மட்டும் பார்த்து அடித்தேன். உத்தமன் என் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். கே-யை அழுத்தினால் ஏ வந்தது. எல்-ஐ அழுத்தினால் எஸ் வந்தது. அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

முடித்த கொஞ்ச நேரத்தில், தேறிவிட்டேன் என்று பச்சை எழுத்தில் வந்தது. அம்மா மறுபடி கற்பூரம் தேடப் போனாள்.

"அப்போ கடைக்காரன் மாட்டினது கரெக்டா?" என்றான் உத்தமன் மெதுவாக.

"கரெக்ட்."

"சொல்லவே இல்லியே நீ."

"நீ கேக்கலியே."

அவன் உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். எல்லாவற்றையும் பழையபடி மாட்டித் தருவதாகச் சொன்னான். அதற்குள் கிருஷ்ணப்பிரியா வாசலில் நின்றாள். பஸ் டிக்கெட் எடுக்க வேண்டுமாம். வழக்கம்போல் கொடுத்துவிட்டேன்.

பொரி தீர்வதற்குள் திரும்பி வந்தாள்.

"இன்னாக்கா இது, நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு அடிக்குது. எனக்கு வாணாம்பா."

லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே வைக்கச் சொன்னேன் உத்தமனிடம்.