பலகையை விட்டு இறங்கிய பேர்ஃபுட்

செருப்புத் தொழிற்சாலையின் வாசல் பலகையில் இருந்த ஓர் ஆங்கிலச் சொல், வியாழக்கிழமை காலை சங்கு ஊதி கேட் திறந்ததும், கீழே இறங்கி உள்ளே நடந்து போனது. அன்று லேசான வெயில். புது பசை டின்கள் வந்திருந்தன. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பலகையை மாட்டியதே அந்த வாரம்தான். புதிதாக வந்த மேனேஜர் நாலு நாடு பார்த்தவர். ‘பேர்ஃபுட் உள்ளே வரக் கூடாது’ என்று பெயிண்டரை வைத்துத் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னார். அடி அட்டை ஒட்டும் பசைக்காரிக்கு எழுத்து பிடிபட்டதே நாற்பதுக்கு மேல். எழுத்துக் கூட்டிப் படித்தாள். “பேர் வச்ச கால் உள்ள வரக் கூடாதாம்க்கா. எங்காலுக்குத்தான் யானைக்குட்டின்னு நீங்கள்லாம் பேர் வச்சிருக்கீங்களே, அதைச் சொல்றாங்களோ?” தையல் மெஷின்காரி தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப் போடி இவளே, செருப்பு போடாத காலாம்.” எப்படிப் படித்தாலும் வெளியே நிற்க வேண்டியவள் பசைக்காரிதான். அவள் இடது கால் வீங்கும், வடியும், அதற்கென்று ஒரு நேரம் காலம் கிடையாது. தையல்காரி அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த ஜோடிகூட மத்தியானத்துக்குள் காலுக்குச் சேராமல் போனது. லாரி லாரியாகச் செருப்பு அனுப்புகிற இடத்தில் அவளுக்கு மட்டும் ஒரு ஜோடி இல்லை. வியாழனிலிருந்து செருப்பு இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவளும் படிக்கிற மகளும் அந்தப் பசை மேஜையை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள்.

இறங்கி நடந்த சொல்லுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். அதன் சொந்த நாட்டில் வெறும் என்று ஒரு துண்டையும் கால் என்று ஒரு துண்டையும் யாரோ சேர்த்து ஒட்டிவிட்டிருந்தார்கள். இத்தனை காலம் நடந்தும் அந்த ஒட்டு விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்த பசைக்காரி, “நல்ல பசை” என்றாள். முற்றத்துப் புழுதியில் அது பதித்த தடங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று செருப்பைத் துறந்த சந்நியாசியின் பாதம். அடுத்தது செருப்பு வாங்க வக்கில்லாதவனின் வெடித்த குதிகால். பிறகு லாடம் அடிக்காத குதிரையின் குளம்பு. கடைசியாக, ஈர மணலில் குதித்த பிள்ளையின் ஐந்து விரல். போன இடமெல்லாம் ஓர் அர்த்தத்தைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்த சொல் அது. நேராகப் போய் பசை மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

தகராறு வாசலில்தான். பலகையில் மிச்சம் இருந்தது ‘உள்ளே வரக் கூடாது’ மட்டும். வாட்ச்மேன் அதைப் படித்தார், கேட்டை இழுத்துப் பூட்டினார். மொத்த ஷிப்டும் தெருவில் நின்றது. மேனேஜரின் காரும் நின்றது.

“யோவ், நான் மேனேஜர்யா.”

“தெரியும் சார். ஆனா யாரு வரக் கூடாதுன்னு போடலியே சார். அப்போ எல்லாரும்தானே?”

“ஷூ போட்டிருக்கேன், பாரு.”

“பளபளன்னு இருக்கு சார். கழட்டினாலும் விட முடியாது சார்.”

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பெயிண்டரை வரவழைத்து அதே சொல்லை மறுபடி எழுதினார்கள். அது பெயிண்ட் காய்வதற்குள் இறங்கி, ஈரக்காலோடு உள்ளே ஓடியது. இன்னொன்று எழுதினார்கள், அதுவும் பின்னாலேயே போனது. வெயில் ஏறியது, சரக்கு ஏற்ற வந்த லாரிகள் ஹார்ன் அடித்தன. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பெயிண்டரிடம், “அந்தக் கூடாதுங்கறதை அழிச்சுத் தொலைப்பா” என்றார். பெயிண்டர் அழித்து, ‘உள்ளே வரலாம்’ என்று எழுதினார். வாட்ச்மேன் அதையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். தையல்காரி முதுகில் கைவைத்துத் தள்ள, எல்லோருக்கும் முன்னால் பசைக்காரி வெறுங்காலோடு உள்ளே போனாள்.

அவள் உட்கார்ந்ததும் மூன்று சொற்களும் நகர்ந்து இடம் விட்டன. அதற்குப் பிறகு எத்தனையோ மேனேஜர்கள் வந்து போய்விட்டார்கள். அவள் மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் பசைக்காரி மேஜையை விடவில்லை. சொற்களும் அப்படித்தான், சாப்பாட்டு வேளையில் முற்றத்தில் ஓர் ஓட்டம் ஓடிவிட்டு வரும். புதிதாகச் சேருகிறவர்களிடம், மேஜைக்குக் கீழே பார்த்துக் கால் வை என்று மட்டும் சொல்லிவைப்பார்கள்.