யாரும் அழுத்தாத மாடி

தமிழ்க் கவிதையைக் கொன்றுகொண்டிருப்பது ‘அருமை’ என்கிற ஒரே ஒரு சொல்தான். ஒரு தலைமுறைக்கு அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லாமலும் விரலால் தட்டாமலும் இருந்தால் போதும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கவிதை தானாக எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்.

இந்த உண்மையை, கல்லூரி ஆய்வகத்துக்கு வெளியே கை கழுவுகிற இடத்தில் நின்றபடி அரம் கண்டுபிடித்தான். விலங்கியல் மூன்றாம் ஆண்டு. தவளையை அறுத்த கையோடு கவிதைக்கு வருகிறவன். ‘அரம்’ அவனே வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் வைத்த பெயரைக் குழுவில் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

குழுவின் பெயர் ‘ஒற்றை விளக்கு’. பகலில் வேறு பிழைப்பு பார்த்துவிட்டு, இடைவேளையில் கைப்பேசியில் கவிதை எழுதுகிறவர்களின் கூட்டம். நடத்துகிறவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். எல்லோருக்கும் அவள் தலைவி. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். நாள் முழுக்க வெயிலில் அலைகிற அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் நிலாக்கிறுக்கன். அப்புறம் லிஃப்ட்காரர். லிஃப்ட் பழுது பார்ப்பவர், பெயரும் அதே. கற்பனை வளம் குறைவு என்பதற்கு அரம் காட்டும் முதல் சான்று இது.

குழுவில் தொடக்கத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. மேலே கிடக்கிற கவிதைக்கு ஒருவராவது பதில் சொல்லாமல் அதற்குக் கீழே அடுத்த கவிதை வரக்கூடாது. யார் எழுதியதும் கேட்பாரற்றுக் கிடக்கக்கூடாது என்று தலைவி கொண்டுவந்தது. அதனால் குழு முழுக்க லிஃப்ட்காரரை நம்பி இருந்தது. எது வந்தாலும் அவர் உடனே ‘அருமை’ என்று எழுதி ஒரு கும்பிடு பொம்மையும் போட்டுவிடுவார். காதல் தோல்விக்கு அருமை, கும்பிடு. அப்பா செத்ததற்கு அருமை, கும்பிடு. ஒருமுறை நிலாக்கிறுக்கன் தன் பர்ஸ் தொலைந்துபோன அறிவிப்பைத் தவறுதலாகக் குழுவில் போட்டுவிட்டார். அதற்கும் அருமை, கும்பிடு.

“அண்ணே, பர்ஸ் போனது அருமையா?” என்று அரம் கேட்டான்.

“வரி மடக்கி இருந்துச்சே தம்பி” என்றார் லிஃப்ட்காரர்.

இப்படிப்பட்டவர்களிடமிருந்து மொழியைக் காப்பாற்றத்தான் அரம் சட்டம் கொண்டுவந்தான். இனிமேல் ‘அருமை’ பதிலாகச் செல்லாது. ஒரு குறையாவது எடுத்துச் சொன்னால்தான் பதில். வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து வாக்களித்தால் குறைக்குப் பயந்தவர் என்று அரம் நக்கல் அடிப்பான் என்பதால் எல்லோரும் ஆதரித்தார்கள். லிஃப்ட்காரரும் ஆதரித்தார். ‘அருமை’ என்று எழுதி, கும்பிடு போட்டு.

அதற்கப்புறம் அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. குறை கண்டுபிடிக்கத் தெரியாத மனிதர். முட்டி மோதி ஒருநாள் தலைவியின் கவிதைக்கு இப்படி எழுதினார்: ‘குறை: சீக்கிரம் முடிஞ்சிருச்சு.’ அதை அரம் வகுப்பில் நண்பர்களுக்குப் படித்துக்காட்டிச் சிரித்தான். அவருடைய கவிதைகளையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் லிஃப்டைப் பற்றியே இருக்கும். கம்பிவடம், எண்ணெய், சிக்கிக்கொண்ட செருப்பு. “இது கவிதையா, சர்வீஸ் ரிப்போர்ட்டா?” என்று கேட்டான். “ரெண்டும்தான் தம்பி” என்று பதில் வந்தது.

ஒரு மதியம் லிஃப்ட்காரர் இதைப் போட்டார்:

*யாரும் அழுத்தாத மாடியில்*
*கதவு திறக்கிறது.*
*வெளியே யாரும் இல்லை.*
*கொஞ்சம் பார்த்துவிட்டு*
*மூடிக்கொள்கிறது.*
*பழுது என்று எழுதச் சொன்னார்கள்.*
*மரியாதை என்று எழுதினேன்.*

அரம் அதைப் பேருந்தில் படித்தான். படித்துவிட்டு, சாயங்காலம் நிதானமாக அறுக்கலாம் என்று மூடி வைத்தான். சாயங்காலம் தலைவி தகவல் சொன்னாள்: லிஃப்ட்காரர் போய்விட்டார். அவளுடைய மருத்துவமனைக் கட்டடத்தில், மொட்டை மாடியில் இருக்கிற லிஃப்ட் மோட்டார் அறையில்தான் நடந்திருக்கிறது. உட்கார்ந்த நிலையிலேயே நெஞ்சுவலி. கைப்பேசி கீழே விழுந்து கிடந்ததாம். கவிதையை அனுப்பிய பிறகுதான்.

இரங்கல் எல்லோரும் எழுதினார்கள். எழுதி முடித்தபின் ஒரு சங்கடம் மெல்லத் தலை நீட்டியது. கவிதை அப்படியே கிடந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்தது வரக்கூடாது. சட்டப்படி பதில் என்றால் குறை. செத்துப்போன மனிதரின் கடைசிக் கவிதையில் யார் குறை சொல்வது?

யாரும் சொல்லவில்லை. ஒற்றை விளக்கு இருண்டது.

அந்த வாரக் கடைசியில் நிலாக்கிறுக்கன் அரத்துக்கு ஃபோன் செய்தார். “தம்பி, குழுவைத் திறந்து பாரு. சீக்கிரம்.”

திறந்தான். மேலே, குழுவின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: ‘லிஃப்ட்காரர் தட்டச்சு செய்கிறார்…’

பார்த்துக்கொண்டே இருந்தான். நின்றது. திரும்ப வந்தது. எதுவும் அனுப்பப்படவில்லை.

“பாத்தியா?” என்றார் நிலாக்கிறுக்கன். மீட்டர் அறைக்குள் இருந்து பேசுகிறார் போல, குரல் எதிரொலித்தது.

“நெட்வொர்க் கோளாறா இருக்கும்ணே.”

“நெட்வொர்க்குக்கு எதுக்குப்பா கவிதை எழுதணும்?”

அதன்பின் தினமும் வந்தது. ஆய்வகத்தில் கத்தியோடு நிற்கும்போது வரும். அக்காவோடு சாப்பிட உட்காரும்போது வரும். எதையோ சொல்ல எடுத்து, சொல்லாமல் விழுங்குகிற மாதிரி. குழுவில் எல்லோரும் பார்த்தார்கள். நிலாக்கிறுக்கன்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டமே இல்லாத புதுக் குழு ஒன்றைத் தொடங்கி எல்லோரையும் அங்கே இழுத்துக்கொண்டார். நல்ல யோசனைதான். ஆனால் பதற்றத்தில் பழைய குழுவிலிருந்த பெயர்கள் எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்துவிட்டார். புதுக் குழுவில் முதல் வணக்கம் விழுவதற்கு முன்பே மேலே வந்துவிட்டது: ‘லிஃப்ட்காரர் தட்டச்சு செய்கிறார்…’

அந்தக் குழுவைக் கலைக்கக்கூட யாரும் நிற்கவில்லை. துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடிவிட்டார்கள்.

இது போதாதென்று வீட்டில் லிஃப்டும் சேர்ந்துகொண்டது. அரம் தன் அக்காவோடு ஐந்தாம் மாடியில் இருந்தான். அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை, எதற்கும் அசராதவள். சில நாளாக அந்த லிஃப்ட் மேலே போகும்போது மூன்றாம் மாடியில் தானாக நின்றது. கதவு திறக்கும். வெளியே ஆள் இருக்காது. சுவரோரமாக யாரோ விட்டுப்போன குடை ஒன்று மட்டும் சாய்ந்திருக்கும். கதவு மூடிக்கொள்ளும். பழுது பார்க்கிற ஆள் வந்து சோதித்துவிட்டு, பட்டனில் ஒன்றும் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அரம் படியேற ஆரம்பித்தான்.

“என்னடா திடீர்னு உடம்பைக் குறைக்கிறியா?” என்றாள் அக்கா.

“லிஃப்ட் சரியில்லக்கா.”

“சரியில்லேன்னா? ஏத்துது, இறக்குது. நடுவுல ஒரு நிமிஷம் நிக்குது. நீகூடத்தான் குளியலறைல போய் ஒரு மணி நேரம் நிக்குற. உன்னை யாரும் ரிப்பேர் பண்ணலையே?”

“மூணாவது மாடில யாருமே அழுத்தாம நிக்குதுக்கா.”

“அப்போ பேய்தான். வந்தா நீ பயப்படாதே. ரெண்டு குறை சொல்லு, அழுதுட்டே ஓடிரும்.”

வழக்கமாக அவளுக்குச் சுடச்சுட ஒரு பதில் வைத்திருப்பான். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

தலைவி ஃபோன் செய்தாள். “நாளைக்கு மதியம் லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போறேன். நீயும் வர.”

“நான் எதுக்குக்கா?”

“சட்டம் போட்டது யாரு, என் மாமியாரா? பேசாம வாடா.”

வீடு ஒரு சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. லிஃப்ட்காரரின் மனைவி அங்கேதான் வேலை செய்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளை மடிக்கிற வேலை. இவர்கள் போனபோதும் மடித்துக்கொண்டுதான் இருந்தாள். தலைவியைப் பார்த்ததும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டாள். மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லாததால் அரம் அறையைப் பார்த்தான்.

அலமாரியில், சீப்புக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவே அந்தக் கைப்பேசி சார்ஜில் கிடந்தது. கண்ணாடி உடைந்து, இடது ஓரத்திலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடியிருந்தது. திரை விழித்திருந்தது. ஒற்றை விளக்கு திறந்திருந்தது. எழுதும் கட்டத்தில் யாரும் தொடாமலே ‘அ’ என்று ஓர் எழுத்து விழுந்தது. இன்னொரு ‘அ’. அழிந்தது. மறுபடி ‘அ’.

அரத்துக்கு முதுகுத்தண்டில் யாரோ ஈரத்துணியை வைத்த மாதிரி இருந்தது.

“அது உடைஞ்சதுலேர்ந்து அப்படித்தான் தம்பி” என்றாள் அவள், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “தானா அழுத்திக்குது. நான் தொடுறதே இல்ல.”

“அணைச்சு வெச்சிரலாமேம்மா?” என்றாள் தலைவி.

“வெச்சிரலாம். அவர் கடைசியா போட்டதுக்குப் பதில் வரலையே. வந்ததும் அணைச்சிரலாம்னு பாக்குறேன்.” விரிப்பை உதறினாள். “பதில் வந்தாச் சாப்பாட்டுல உக்காந்து எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. கவிதை எனக்குப் புரியாது. பதில் புரியும்.”

தலைவி அரத்தைப் பார்த்தாள். அரம் அலமாரியில் இருந்த சீப்பைப் பார்த்தான். அதில் நரைமுடி ஒன்று சிக்கியிருந்தது.

“அரம்னு ஒரு பையனாம்” என்று லிஃப்ட்காரரின் மனைவியே தொடர்ந்தாள். “அவன் திட்டி எழுதினா இவருக்கு ஒரே குஷி. ‘இன்னிக்கு என்னைப் பிரிச்சு மேஞ்சிட்டான் பாரு’ன்னு சிரிச்சுக்கிட்டே இன்னும் கொஞ்சம் சாப்பிடுவாரு. வேற யாரும் முழுசாப் படிக்கிறதில்லையாம், அவன்தான் திட்டுறதுக்காகவாவது முழுசாப் படிக்கிறானாம். அவன்கூட இதுக்கு ஒன்னும் சொல்லல. அவ்வளவு மோசமா இருக்கோ என்னவோ.”

“அப்படியெல்லாம் இல்லம்மா” என்றாள் தலைவி.

“தம்பி, நீயும் எழுதுறவனா?”

“ஆமாம்மா.”

“நீ படிச்சியா அதை? நல்லா இருக்கா?”

அரம் வாயைத் திறந்தான். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவனுக்குச் சொல்லுக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. “படிச்சேம்மா” என்று மட்டும் வந்தது. அது யாருக்கும் பதிலாக இல்லை. அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். அவனிடமும் இரண்டு முனைகளைக் கொடுத்தாள். மூன்று பேருமாக மடித்தார்கள். அலமாரியில் ‘அ’ விழுந்துகொண்டே இருந்தது.

திரும்பும் வழியில் தலைவி திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் பிரியும்போது மட்டும், “அந்தம்மா காத்துக்கிட்டு இருக்குடா” என்றாள்.

வீட்டுக்கு வந்தவன் படிக்கட்டுப் பக்கம் போகாமல் லிஃப்டில் ஏறினான். வெளிச்சம் இன்னும் இருந்தது; எங்கோ ஒரு வீட்டில் பிரஷர் குக்கர் கத்தியது. ஐந்தை அழுத்தினான். மூன்றில் நின்றது. கதவு திறந்தது. நீளமான நடைபாதை, சாத்திய கதவுகள், அதே குடை. கதவு அவசரப்படவில்லை. அரம் என்ன நினைத்தானோ, ஓரமாக நகர்ந்து இன்னோர் ஆள் நிற்க இடம் விட்டான். கதவு மூடிக்கொண்டது. மீதி இரண்டு மாடிக்கும் அவன் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து குழுவைத் திறந்தான். ‘லிஃப்ட்காரர் தட்டச்சு செய்கிறார்…’

சட்டப்படி ஒரு குறை வேண்டும். கவிதையை முதலிலிருந்து படித்தான். ‘கொஞ்சம் பார்த்துவிட்டு’ என்கிற வரி தளர்வாக இருக்கிறது என்று எழுதினான். அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தான். கதவு திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது; எதிரில் நின்ற யாரோ முகத்தில் அடி வாங்கியது போல இருந்தது. அழித்தான். கடைசி வரி பிரசங்கம் என்று எழுதினான். அது பச்சைப் பொய். அழித்தான். ‘சீக்கிரம் முடிஞ்சிருச்சு’ என்று எழுதினான். அதை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தம்மா அதைப் படிக்கும்போது எந்தக் குரலில் படிப்பாள் என்று தோன்றியது. அதையும் அழித்தான். இதற்குள் குழுவில் எல்லோரும் திறந்து பார்த்திருக்க வேண்டும். அரமும் லிஃப்ட்காரரும் தட்டச்சு செய்வதாக ஒரே வரியில் காட்டியிருக்கும்.

“என்னடா, பரீட்சையா?” என்று அக்கா வாசலில் இருந்து கேட்டாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

எதிர்ப்பக்கம் தட்டுவது நின்றது. அவர் இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மட்டும் அணையாமல் இருந்தது. அங்கே யாரோ வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிற மாதிரி.

அரம் ‘அ’ என்று தட்டினான். மீதி எழுத்துகள் தாமாக வந்தன. அருமை. ஒரு முற்றுப்புள்ளி வைத்தான், அழித்தான். பொம்மைகள் இருக்கிற பக்கத்துக்குப் போய், இதுவரை ஒருமுறைகூடத் தொட்டிராத கும்பிடைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து, அனுப்பினான்.